முதுகு நனையாத குளியல்

சாவுக்குப் போய் வந்த மறுநாள் காலையில் அந்த வீட்டில் யாருக்கும் உடம்பு சொன்னபடி கேட்கவில்லை.

கோவிந்தப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. எழுந்து முகம் கழுவ வேண்டும் என்று நினைத்து நினைத்தே வெயில் ஏறிவிட்டது. உள்ளே சந்திரம்மா சுவரில் சாய்ந்து, ஆறிப்போன காபியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்கவும் இல்லாமல் கீழே வைக்கவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

மருமகள் வீணா கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாடு மரத்தில் தேய்த்துக்கொள்ளுமே, அந்த மாதிரி.

"இன்னாம்மா?" என்றார் கோவிந்தப்பா.

"ஒண்ணும் இல்ல மாவா."

"எரியுதா?"

வீணா உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

கோவிந்தப்பா வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடுவது அந்தச் சந்தில் அதிசயம். ஆனால் இந்த விஷயத்தில் அவர் கையும் மாட்டிக்கொண்டிருந்தது.

நேற்று நடந்தது இதுதான். சந்திரம்மாவின் அக்கா ரத்தினம்மாள், பக்கத்துச் சந்துக்காரி, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். பெங்களூர் ஒக்கலிபுரத்துச் சொந்தம் முழுக்க அங்கேதான் நின்றது.

அன்று காலையில், சாவுச் சேதி வருவதற்கு முன்னால், கோவிந்தப்பாவின் மகள் சங்கமித்ரா சந்துப் பெண்கள் சிலரை பீன்யாவில் தான் வேலை செய்யும் லேபுக்குக் கூட்டிப்போய், முதுகில் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு பிளாஸ்திரியிலும் வரிசையாகச் சின்னச் சின்னக் குழி. ஒன்றில் வெறும் உப்புத் தண்ணீர். மற்றதில் எல்லாம் கடைக்கு வரப் போகும் க்ரீம்கள். ஒரு நாள் முழுக்க முதுகில் இருக்க வேண்டும். மறுநாள் பிரித்துப் பார்ப்பார்கள். சிவந்தால் க்ரீமில் கோளாறு, சிவக்காவிட்டால் சரி.

ஒரே ஒரு நிபந்தனை. முதுகு நனையக் கூடாது.

சாவு வீட்டிலிருந்து திரும்பினால் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் சந்திரம்மா வாசற்படி தாண்ட விடமாட்டாள். கோவிந்தப்பாவின் அப்பா அந்தக் காலத்தில் புத்த சங்கத்தில் பேர் கொடுத்தவர். தீட்டு, கீட்டு என்று என் வீட்டில் எவனும் பேசக் கூடாது என்றவர். பேத்திக்கு சங்கமித்ரா என்று பேர் வைத்ததும் அவர்தான். வேலூர்ப் பக்கத்திலிருந்து மருமகளாக வந்த சந்திரம்மா பேருக்குச் சம்மதித்தாள். குளியலுக்குச் சம்மதிக்கவில்லை.

நேற்று விளக்கு வைக்கும் நேரத்தில் குளியலறை வாசலில் வீணா அவர் காதருகே குனிந்தாள்.

"மாவா, முதுகு நனையக் கூடாதுன்னு சங்கமித்ரா அக்கா கையடிச்சு வாங்கியிருக்காங்க. அத்தை தலையோட ஊத்திக்கச் சொல்றாங்க. ரெண்டு பேரையும் எப்படி மேனேஜ் மாடோது?"

மண்டியா பக்கத்துப் பெண். மகன் கிரண் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள். தமிழ் நன்றாக வரும், பயம் வந்தால் கன்னடம் கலந்துவிடும். மாமனார் மட்டும் எப்போதும் மாவாதான்.

கோவிந்தப்பாவுக்கு அப்போது தன்னைப் பற்றிப் பெரிய புத்திசாலி என்று நினைப்பு. "தலைய மட்டும் குனிஞ்சு நனைச்சிக்க. ரெண்டு சொம்பு கீழ ஊத்து, சத்தம் கேக்கணும். அவ வந்தா நான் இருமறேன்" என்றார்.

சந்திரம்மா வந்தாள். அவர் இருமினார். "இன்னும் ஊத்திக்கினுதான் இருக்குது, போ" என்றார். வீணா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, ரத்தினம்மாள் படத்துக்கு விளக்கு ஏற்றி, கஞ்சி வைத்தாள். சாவுச் சேதி வந்ததிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாத சந்திரம்மா, கஞ்சியை ஒரு வாய், இரண்டு வாய் என்று மருமகள் கையாலேயே வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு, "வீணா, கொஞ்சம் இங்கயே குந்தும்மா" என்றாள்.

கல்யாணம் ஆனதிலிருந்து "ஏய்" என்றுகூடக் கூப்பிடாதவள். நேற்றுத்தான் முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

அதனால்தான் வீணா இப்போது உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"ராத்திரி முழுக்கத் தூங்கல மாவா" என்றாள் மெதுவாக. "ஒரே ஒரு எடத்துலதான். இஸ்திரிப் பெட்டி வச்ச மாதிரி."

"சங்கமித்ரா வந்தா சொல்லிடு."

"அக்காகிட்ட தனியா சொல்றேன். அத்தை முன்னால பேடா. நீங்களும் சும்னே இருங்க."

"இருக்கேன். எனக்கு இன்னா வந்துது."

சங்கமித்ரா வரும்போதே நடை தள்ளாடியது. தோளில் பை, கையில் சின்ன கேமரா, கண் இரண்டும் கொவ்வைப் பழம். பெரியம்மாவுக்காக அழுதது பாதி, தூக்கம் இல்லாதது பாதி. லீவு கேட்டிருக்கிறாள், கிடைக்கவில்லை. பெண்களை லேபுக்குக் கூட்டிப்போகவும் முடியவில்லை. சாவுக்குப் போய் வந்த சந்தில், வேனில் ஏறுங்கள் என்று எப்படிச் சொல்வது? அதனால் வீடு வீடாக அவளே வந்து பிரித்து, படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இந்த ஒரு வீடுதான்" என்று படியில் உட்கார்ந்தாள். "தண்ணி குடு நைனா."

"உன் ஆராய்ச்சி எப்படிப் போவுது?"

"ஆரம்பிக்காத. எனக்குத் தெம்பு இல்ல."

"நான் இன்னா சொன்னேன்? கேட்டேன்."

அப்பனுக்கும் மகளுக்கும் இது பழைய சண்டை. தும்கூர் ரோட்டில் ஒரு கம்பெனியின் முயல் அறையில் கோவிந்தப்பா வேலை பார்த்தவர். கூண்டு கழுவுவது, தழை போடுவது, பிடித்துக்கொள்வது. பிடித்துக்கொள்வதுதான் முக்கிய வேலை. மரப்பெட்டியில் உடம்பை அடைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, காதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கோட்டு போட்டவர் வந்து கண்ணில் சொட்டு விடுவார். இல்லையென்றால் முதுகு மயிரைச் சிரைத்து க்ரீமைத் தடவுவார். பிறகு அழகுச் சாமானை முயல் மேல் போட்டுப் பார்க்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அறையைப் பூட்டினார்கள். கோவிந்தப்பாவும் வீட்டுக்கு வந்துவிட்டார்.

மகள் அதே மாதிரி ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை.

"முயல வுட்டுட்டு மனுசனப் புடிச்சீங்க" என்பார்.

"நேரா மனுஷங்க மேல போடறதில்ல நைனா. மொதல்ல கிண்ணத்துல வளர்த்த தோல் மேல போட்டுப் பார்த்து, அதுல செல் சாகலேன்னா அப்புறம்தான் முதுகுக்கு வருது."

"தோல வளக்கறாளாம். மல்லிச் செடி மாதிரி."

"ஆமா, வளர்க்கறோம். ஆபரேஷன்ல வெட்டிப் போடற தோல்லேர்ந்து, குடுத்தவங்க சம்மதத்தோட எடுத்து வளர்க்கறோம். முயல் தோல் வேற, நம்ம தோல் வேற. முயலுக்குச் சிவந்தது நமக்குச் சிவக்காது, முயலுக்கு ஒண்ணும் ஆகாதது நமக்கு ஆயிடும். அத வதைச்சதுல பாதி வீண் வதை."

"இருக்கட்டும். முயல் பொய் சொல்லாது."

இங்கே வந்துதான் எப்போதும் நிற்கும். யாரையும் நம்பாத மனிதர். டாக்டரை நம்பமாட்டார், பாங்க்கை நம்பமாட்டார், பால்காரனை நம்பமாட்டார். மனுஷன் வாயை நம்பி ஒரு சோதனை செய்கிறார்கள் என்பது அவருக்குப் பேஜாராக இருந்தது.

சங்கமித்ரா தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள். "வீணா, உள்ள வா. பிரிச்சுடலாம்."

சந்திரம்மா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஒரே அறை. பின்னால் சமையலுக்கு ஒரு தடுப்பு. வீணா தடுப்பைப் பார்த்தாள், "அங்க போலாமா அக்கா?" என்றாள்.

"அங்க வெளிச்சம் இல்ல. படம் வராது. ஜன்னல்கிட்ட உக்காரு."

"என்னடி வெக்கம்?" என்றாள் சந்திரம்மா. குரலில் கொஞ்சம் அன்புகூட இருந்தது. "நாங்க பாக்காத முதுகா?"

கோவிந்தப்பா வாசலிலேயே முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார். காதைத் திருப்ப முடியவில்லை.

பிளாஸ்திரி உரியும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் சங்கமித்ரா மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம்.

"இன்னா இது வீணா. மூணாவது எடம் இப்படி இருக்கு?"

"எப்படி?" என்றாள் சந்திரம்மா.

"ரவுண்டா செவந்து பொரிப்பொரியா எழும்பியிருக்கும்மா. மத்தது எல்லாம் சுத்தமா இருக்கு. வீணா, எரிஞ்சுதா?"

"ஸல்ப. கொஞ்சம்தான்."

"தண்ணி பட்டுச்சா?"

வீணா பதில் சொல்வதற்குள் சந்திரம்மா முந்திக்கொண்டாள். "படாம? எங்க அக்கா சாவு. தலையோட ஊத்திக்காம உள்ள வுட்டுடுவேனா? நல்லா அரைமணி குளிச்சா. உங்க அப்பனக் கேளு."

வாசலில் அப்பன் நெளிந்தார்.

"பட்டுச்சா வீணா?" சங்கமித்ராவின் குரலில் கோபம் இல்லை. அலுப்புதான்.

"பட்டுச்சுக்கா" என்றாள் வீணா.

சங்கமித்ரா சுவரில் சாய்ந்தாள். "போச்சு. லாவண்யாவுக்கும் இதே எடம், அவ எதிர்வீட்டு ஸ்னேஹாவுக்கும் இதே எடம். அவங்களும் சாவுக்குப் போய்ட்டு வந்து குளிச்சுட்டாங்களாம். சோப்பு உள்ள போயிருக்கும், மஞ்ச போயிருக்கும், துண்டப் போட்டுத் தேச்சிருப்பீங்க. இது க்ரீமால வந்ததா குளிச்சதால வந்ததான்னு யார் சொல்றது? நனைஞ்சதுன்னா கணக்குல சேர்க்க முடியாது. மூணையும் தள்ள வேண்டியதுதான்." போனில் அப்படியே எழுதி லேபுக்கு அனுப்பினாள்.

"தள்ளுனா இன்னா ஆவும்?" கோவிந்தப்பா வாசலிலிருந்தே கேட்டார்.

"சாவுக்குப் போகாத ரெண்டு பேருக்கு ஒண்ணும் இல்ல. அவங்கள மட்டும் எடுத்துக்குவாங்க. மூணாம் நம்பர் நல்ல க்ரீம்னு ஆயிடும். அடுத்த வாரம் ஈஜிபுரால ஒரு கூட்டத்துக்கு ஒட்டறாங்க. அதுவும் முடிஞ்சா கடைக்குப் போவும்."

"யாருக்கு அந்தக் க்ரீம்?"

சங்கமித்ரா கொஞ்சம் தயங்கினாள். "கைக்குழந்தைங்களுக்கு. தொடை இடுக்குல பூசறது."

ரயில் ஒன்று மெதுவாக ஸ்டேஷனுக்குள் நுழைகிற சத்தம் வந்தது. அது முடிகிற வரைக்கும் எல்லோரும் அதைக் கேட்பது போல இருந்தார்கள்.

கோவிந்தப்பா திரும்பிப் பார்த்தார். வீணா ரவிக்கையை இழுத்து மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். தலை மட்டும் நிமிர்ந்து அவரைப் பார்த்தது. மாவா, வேண்டாம் என்றது அந்தப் பார்வை. இருமுகிறேன் என்று நேற்று வாக்குக் கொடுத்தவர் நீங்கள்தானே என்றது.

அவருக்கு அந்த மரப்பெட்டி ஞாபகம் வந்தது. தலை மட்டும் வெளியே. முயல் கத்தாது. நாய் குரைக்கும், பூனை பிறாண்டும், முயல் கத்தாது. கண்ணில் சொட்டு விழும்போது காது மட்டும் கைக்குள் சூடாகும். இமையை மூடிமூடித் திறக்கும். எரிகிறதா, எவ்வளவு எரிகிறது என்று கோட்டு போட்டவர் அதைக் கேட்கமாட்டார். கேட்டாலும் அதற்குச் சொல்ல வாய் இல்லை.

இவளுக்கு வாய் இருக்கிறது. கேட்கவும் கேட்கிறார்கள். ராத்திரி முழுக்க எரிந்ததை ஸல்ப என்கிறாள்.

அவருக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிலைப்படிக்கு வந்தார்.

"குளிக்கல" என்றார்.

"யாரு?" என்றாள் சந்திரம்மா.

"உன் மருமவ. முதுகுல ஒரு சொட்டு படல. தலைய மட்டும் நனைச்சிக்குனா. நான்தான் யோசனை சொன்னேன். நீ வந்தப்ப இருமனது நான்தான்."

"மாவா!" என்றாள் வீணா.

சங்கமித்ரா வீணாவின் தோளைப் பிடித்து மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் தான் நேற்று ஊதா மையால் போட்ட எண்களைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. கரையவில்லை, கலங்கவில்லை. போட்டது போட்டபடி இருந்தன.

"நம்பர் அப்படியே இருக்கு" என்றாள். "தண்ணி பட்டிருந்தா கரைஞ்சிருக்கும். நான் பாக்கவே இல்ல. குளிச்சேன்னு சொன்னதும் எழுதிட்டேன்."

அவசரமாக கேமராவைத் தடவி முன்னால் எடுத்த படங்களைப் புரட்டினாள். லாவண்யாவின் முதுகு. ஸ்னேஹாவின் முதுகு. இரண்டிலும் ஊதா எண்கள் பளிச்சென்று இருந்தன.

"அவளுங்களும் குளிக்கல நைனா" என்றாள் மெதுவாக. "மாமியாருங்க பக்கத்துல நின்னாங்க. அதான் குளிச்சேன்னு சொன்னாளுங்க."

சந்திரம்மா கையில் இருந்த காபி டம்ளரைத் தரையில் வைத்தாள். ரத்தினம்மாள் படத்துக்கு முன்னால் அணைந்துபோய் இருந்த விளக்கைப் பார்த்தாள். கஞ்சி வைத்த குண்டானைப் பார்த்தாள். கடைசியில் வீணாவைப் பார்த்தாள்.

"அந்தக் கையாலயாடி எனக்கு ஊட்டுன?"

வீணா அழ ஆரம்பித்தாள். "அத்தே, நான் வேணும்னு..."

"எங்க அக்காவுக்கு விளக்கு ஏத்துனியே. அந்தக் கையால."

"சந்திரா, வுடு" என்றார் கோவிந்தப்பா.

"நீ பேசாத. நீதான் வாசல்ல குந்திக்கினு காவலா? அம்பது வருசம் என்னோட குடும்பம் பண்ண மனுசன். இருமறானாம், இருமல்."

சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அதற்கு அவரிடம் பதில் இருந்தது. ஆனால் சந்திரம்மா எழுந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனாள். வாசல் ஓரத்தில் காவேரித் தண்ணீர் பிடித்து வைத்த நீல டிரம் இருந்தது. சொம்பை எடுத்து உடுத்திய புடவையோடு தலையில் ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தாள். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது. கோவிந்தப்பா டிரம்மில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே சங்கமித்ரா போனில் பேசிக்கொண்டிருந்தாள். லேபில் அவளுக்கு மேலே இருக்கும் பாலகுமார். சத்தம் வெளியே கேட்கும்படி வைத்திருந்தாள்.

"சார், நனைஞ்சதுன்னு தள்ளின மூணையும் மறுபடி சேர்க்கணும். நனையல. எண் கரையவே இல்ல. மூணு பேருக்கும் ஒரே எடத்துல ரியாக்‌ஷன்."

"மேடம், நனைஞ்சதுன்னு நீங்கதானே எழுதுனீங்க?"

"தப்பா எழுதிட்டேன் சார்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "அவங்க வாயாலயே குளிச்சேன்னு சொல்லியிருக்காங்க. இப்ப நீங்க குளிக்கலன்னு சொல்றீங்க. யாரு சாட்சி?"

"எங்க வீட்ல எங்க அப்பா."

"உங்க அப்பாவா?" பாலகுமார் சிரிக்கவில்லை, ஆனால் சிரித்த மாதிரிதான் இருந்தது. "நான் உங்கள நம்பறேன் மேடம். ஆனா ஒரு முதுகு, அதுவும் உங்க வீட்டு முதுகு. அத வச்சு ஈஜிபுராவ நிறுத்துங்கன்னு நான் யாருகிட்ட போய் சொல்லுவேன்? டாக்டர் அனன்யா இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் இருக்காங்க. மூணு பேரையும் கூட்டிட்டு வாங்க. அவங்க அவங்க வாயால, முதுகு நனையலன்னு சொல்லட்டும். சொன்னா நான் நிறுத்தறேன். இல்லேன்னா இது தள்ளினதாவே இருக்கும்."

போன் அடங்கியது.

"அவரு சொல்றதும் நியாயந்தான்" என்றாள் சங்கமித்ரா. யாரிடம் என்று தெரியவில்லை.

வீணா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் வரேன் அக்கா. எனக்கு இனிமே போறதுக்கு என்ன இருக்கு."

"மத்த ரெண்டு பேரும்?"

லாவண்யாவின் மாமியார் சந்திரம்மாவுக்கு மேலே. அவள் வீட்டில் ஒரு சாவுத் தீட்டு என்றால் கதவுக் கொண்டிகூடக் குளிக்கும். லாவண்யா குளிக்காமல் அடுப்படிக்குப் போனாள் என்று தெரிந்தால், அந்த வீட்டில் அவள் நாளை எப்படி இருப்பாள் என்று சந்தில் எல்லோருக்கும் தெரியும்.

"வா, போய்க் கேப்போம்" என்றார் கோவிந்தப்பா.

"நீ எதுக்கு நைனா? முட்டி வீங்கிக் கிடக்கு."

"நான் ஆரம்பிச்சது. நடக்கறேன்."

மூன்று பேரும் சந்தில் இறங்கினார்கள். சந்திரம்மா டிரம் பக்கத்தில் ஈரத்தோடு நின்றாள். அவர்கள் பக்கம் திரும்பவில்லை. வீணா அவளைக் கடக்கும்போது ஒரு கணம் நின்றாள், பிறகு நடந்தாள்.

லாவண்யா வீடு சந்தின் கோடியில் இருந்தது. வாசல் கழுவி விட்டிருந்தது. சாணித் தண்ணீர் வாசம் வந்தது. கோவிந்தப்பா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்ததால் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தார். அதற்குள் கதவு திறந்திருந்தது.

மாமியார்க்காரி நிலையில் நின்றாள். "மறுபடியும் இன்னா சங்கமித்ரா? காலைலதான பாத்துட்டுப் போன?"

"லாவண்யாவ லேபுக்குக் கூட்டிப் போவணும் அத்தை. டாக்டர் பாக்கணும்."

"எதுக்கு? அவளுக்கு இன்னா?"

லாவண்யா பின்னால் நின்றாள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. தலைமுடி கழுவி முடிந்திருந்தது. சங்கமித்ராவின் கண்ணைப் பார்த்தாள், பார்த்ததும் தரையைப் பார்த்தாள்.

"லாவண்யா" என்றாள் சங்கமித்ரா. எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. காலையில் கேட்ட மாதிரியே கேட்டால் காலையில் சொன்ன பதிலேதான் வரும். "முதுகு எரியுதா?"

"இல்லக்கா."

"தண்ணி நிஜமா பட்டுச்சா?"

மாமியார்க்காரி குரலை உயர்த்தினாள். "இது இன்னா கேள்வி? சாவுக்குப் போன பொம்பள குளிக்காம வூட்டுக்குள்ள வருவாளா? எங்கள இன்னான்னு நெனச்சிக்குன? அதான் குளிச்சான்னு சொன்னமே!"

அக்கம்பக்கத்துக் கதவுகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. எதிர்வீட்டு ஸ்னேஹாவும் பார்த்தாள். கோவிந்தப்பா வாயைத் திறந்தார். மூச்சு இரைத்ததால் முதலில் சத்தம் வரவில்லை, இருமல்தான் வந்தது. எந்த இருமலை வைத்து நேற்றுக் காரியத்தைக் கெடுத்தாரோ அதே இருமல்.

இருமி முடிப்பதற்குள் வீணா முன்னால் வந்துவிட்டாள்.

"நான் குளிக்கல" என்றாள்.

சொன்னது மாமியார்க்காரியைப் பார்த்து இல்லை. லாவண்யாவைப் பார்த்து. ஆனால் சந்து முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னாள்.

"நேத்து சாவுக்குப் போய்ட்டு வந்து நான் குளிக்கல லாவண்யா. தலைய மட்டும் நனைச்சுட்டு, குளிச்சேன்னு அத்தைகிட்ட பொய் சொன்னேன். எனக்கு மூணாவது எடம் ராத்திரியெல்லாம் எரிஞ்சுது. இப்பவும் எரியுது. அது பாப்பாங்களுக்குப் பூசற க்ரீமாம்."

எங்கோ ஒரு கதவு மூடும் சத்தம் கேட்டது. மாமியார்க்காரி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

கோவிந்தப்பா திரும்பிப் பார்த்தார். சந்தின் அந்தக் கோடியில் சந்திரம்மா நின்றுகொண்டிருந்தாள். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் சொம்பு அப்படியே இருந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். வருகிறாளா, போகிறாளா என்று அங்கிருந்து தெரியவில்லை.

லாவண்யா குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள். காலியான கை மெதுவாகப் பின்னால் போய், முதுகில், தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அந்த இடத்தைத் தொட்டதும் முகம் சுருங்கியது.

அவள் மாமியார் திரும்பி அந்தக் கையைப் பார்த்தாள்.